இழவு யார் வீட்டில்? விருது யார் வீட்டில்?

ஒரே பரிசு, இரண்டு படங்கள், இடையிலே ஐம்பது ஆண்டுகள்!

தேசிய ஒருமைப்பாட்டை வளர்க்கும் சிறந்த படம் எது என்று தேர்ந்தெடுத்து டில்லி சர்க்கார் ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்கிவந்தது. 1973-ஆம் ஆண்டுப் படங்களிலே அந்தப் பரிசைப் பெற்றது 'கரம் ஹவா'. அனல் காற்று என்று பொருள். ஆக்ரா நகரத்திலே செருப்புத் தொழில் நடத்தும் ஒரு முஸ்லிம் பெரியவர், நாடு பிளந்த பிறகும், 'பிறந்த மண்ணை விட்டுப் போகேன்' என்று நிற்கும் கதை. 2023 ஆகஸ்ட் 24-ஆம் நாள் வெளியான பட்டியலிலே அதே பரிசைப் பெற்றது 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்'. அந்தப் படம் ஓடிய கொட்டகைகள் சிலவற்றிலே, படம் முடிந்ததும் ஆட்கள் எழுந்து நின்று, 'முஸ்லிம்களோடு உறவு வேண்டாம், வியாபாரம் வேண்டாம்' என்கிற பாணியிலே முழங்கிய காட்சிகளை நாடே கண்டது. அதற்கும் ஒருமைப்பாட்டுப் பரிசு!

தராசு அதேதான், தோழர்களே. எடைக்கல்லைத்தான் மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பரிசுக்குப் பிற்காலத்திலே நர்கிஸ் தத் அம்மையாரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். யார் அந்த அம்மையார்? முஸ்லிமாக வளர்ந்த நடிகை. 1958-ல் சுனில் தத்தை மணந்தவர். சுனில் தத் யார்? பிரிவினையின்போது ஜீலம் பகுதியிலிருந்து உயிர் பிழைத்து வந்த இந்துக் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் தம் தந்தையின் முஸ்லிம் நண்பர் என்று அவரே சொன்னதுண்டு. அப்படிப்பட்ட வீட்டு விளக்கின் பெயரிலே தரப்பட்ட பரிசு, எந்தப் படத்துக்குப் போய்ச் சேர்ந்தது பார்த்தீர்களா? கழகத் தலைவர் மு.க.ஸ்டாலின் அன்றைக்கே வியப்புத் தெரிவித்தார். இலக்கிய விருதுகளிலும் திரைப்பட விருதுகளிலும் அரசியல் சாய்வு புகக்கூடாது என்றார். டில்லியின் காதிலே விழுந்ததா? 2024-ல் விருது விதிகளைத் திருத்தினார்கள். திருத்தியபோது நர்கிஸ் அம்மையாரின் பெயரையே எடுத்துவிட்டார்கள்! ஒரு வகையிலே நல்லதுதான். இனி அந்த அம்மையாருக்கு இழுக்கு வராது.

'கரம் ஹவா'வைப் பார்க்காத தோழர்கள் நம்மிலே ஏராளம். ஆகவே கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது.

சலீம் மிர்ஸா என்பவர் கதைத் தலைவர். காந்தியார் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டிய காலம். அவருடைய அண்ணன் ஹலீம் ஒரு மேடைப் புலி. முஸ்லிம்களின் தலைவர் என்று பெயர் எடுத்தவர். 'உங்களை விட்டுப் போகமாட்டேன்' என்று ஊரறிய வாக்களித்தவர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சந்தடியில்லாமல் மூட்டை முடிச்சுகளோடு பாகிஸ்தானுக்கு ரயிலேறிவிடுகிறார். மைத்துனர் ஃபக்ருத்தீன் அவரைவிடக் கெட்டிக்காரர். லீகிலிருந்து காங்கிரசுக்கு ஒரே தாவு! தலைவர்களுக்கு வழி இருந்தது, தோழர்களே. ஒருவருக்கு ரயில், இன்னொருவருக்குக் கதர். வழியில்லாமல் நின்றவர் சலீம் ஒருவர்தான்.

அவருக்கு என்ன நேர்ந்தது? யாராவது வாளெடுத்து வெட்டினார்களா? இல்லை. வங்கியிலே கடன் கேட்டார். 'இன்றைக்கு வாங்கிக்கொண்டு நாளைக்குக் கராச்சிக்குப் போய்விட்டால்?' என்ற சந்தேகம்; கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் தோல் இல்லை; தோல் இல்லாவிட்டால் செருப்பு இல்லை; சரக்குக் கொடுக்கவில்லையென்றால் வாடிக்கை போயிற்று. குடியிருந்த பூர்வீக வீடு அண்ணன் பெயரிலே இருந்தது. அண்ணன் நாட்டை விட்டுப் போய்விட்டபடியால் சட்டம் வந்து கதவைத் தட்டியது: 'வெளியேறியோர் சொத்து! காலி செய்!' வாடகைக்கு வீடு தேடிப் போனால், முஸ்லிம் என்றதும் கதவு சாத்தப்படுகிறது. இந்த ஒன்றைச் சொல்லும்போது நம் ஊர்க் கதவுகளும் நினைவுக்கு வருகின்றனவா இல்லையா? சாதி கேட்டுச் சாத்தும் கதவுகள், மதம் கேட்டுச் சாத்தும் கதவுகள்!

தள்ளாத வயதுத் தாய், மணப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் வந்தவள், 'நான் வரமாட்டேன்' என்று விறகு அடுக்கும் இடத்திலே போய் ஒளிந்துகொள்கிறாள். மகன் தேடிப் பிடித்துத் தூக்கிவருகிறார். கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, உயிர் பிரியவில்லை. பழைய வீட்டுக்குப் பல்லக்கிலே எடுத்துப் போகிறார்கள். அங்கே போன பிறகுதான் அந்த உயிர் போகிறது. இப்போது அந்த வீட்டிலே குடியிருப்பவர் யார்? அவரும் கொள்ளைக்காரர் அல்ல; சிந்துவிலே இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு ஓடிவந்த ஓர் இந்து வியாபாரி. மிர்ஸா குடும்பத்தின் துயரம் அவருக்குப் புரிகிறது. ஏனென்றால் அவருடைய வீட்டிலே இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்!

மகள் ஆமினாவுக்கு இரண்டு முறை மணம் பேசினார்கள். இரண்டு மாப்பிள்ளைகளையும் எல்லைக்கோடு விழுங்கிவிட்டது. அந்தப் பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். பூர்வீக வீட்டின் வரைபடத்தை அண்ணனுக்கு அனுப்பிய குற்றத்துக்காகத் தகப்பனை 'உளவாளி' என்று பிடித்துப் போகிறார்கள். நீதிமன்றம் விடுவிக்கிறது, தெரு விடுவிக்க மறுக்கிறது. மனமொடிந்து, 'சரி, போய்விடுவோம்' என்று மனைவியோடும் இளைய மகனோடும் ஜட்கா வண்டியிலே ரயிலடிக்குப் புறப்படுகிறார் சலீம். வழியிலே ஓர் ஊர்வலம் குறுக்கிடுகிறது. வேலை கேட்டு, சோறு கேட்டுப் போகும் ஊர்வலம். பட்டம் பெற்று வேலையில்லாமல் திரிந்த மகன் வண்டியிலிருந்து குதித்து அதிலே கலக்கிறான். பார்த்துக்கொண்டே இருந்த கிழவர், வண்டியை வீட்டுக்குத் திருப்பச் சொல்லிவிட்டுத் தாமும் இறங்குகிறார்.

அந்த ஊர்வலத்திலே யார் இந்து, யார் முஸ்லிம் என்று தெரியாது. வயிறு தெரியும், கை தெரியும். இந்தக் காட்சிக்குக் கைதட்ட, பஞ்சாலையிலும் பணிமனையிலும் வேலை பார்க்கும் நம் தோழர்களுக்கு இந்தி தெரியவேண்டிய தேவை இல்லை.

இந்தப் படத்தை எடுத்தவர் எம்.எஸ்.சத்யு, மைசூர்க்காரர். இஸ்மத் சுக்தாய் அம்மையாரின் கதையிலிருந்து பிறந்தது. திரைப்பட நிதிக் கழகம் கொடுத்த இரண்டரை இலட்சம் ரூபாய்க் கடனை நம்பித் தொடங்கினார்; மீதிக்கு நண்பர்களிடம் கைநீட்டினார். ஆக்ராவிலே படமெடுக்கத் தொடங்கியதும் எதிர்ப்பு. என்ன செய்தார் தெரியுமா? சுருள் இல்லாத வெறும் காமிராவைக் கொடுத்து ஒரு பொய்க் குழுவை வேறொரு தெருவுக்கு அனுப்பிவைத்தார். கூட்டம் அங்கே போய்க் கூச்சலிட்டது; இவர் இங்கே படத்தை எடுத்தார்! எடுத்த படத்தைத் தணிக்கையார் மாதக் கணக்கிலே முடக்கினார்கள், கலவரம் வந்துவிடுமாம்! பிரதமர் இந்திரா காந்தி வரை போய்த்தான் வழி பிறந்தது. 1974-ல் பெங்களூரிலே திரையிட்டார்கள். கலவரம் வந்ததா? வரவில்லை. சலீமாக நடித்த பல்ராஜ் சாஹ்னி அதைப் பார்க்க இல்லை. தம் வசனங்களைக் குரல் பதிந்து முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13-ல், மறைந்துவிட்டார். ராவல்பிண்டியிலே பிறந்த இந்து அவர். பிறந்த ஊர் அயல்நாடாகிவிட்ட மனிதர், ஆக்ராவை விட்டுப் போக மறுக்கும் முஸ்லிமாக நடித்தார். அந்த முகத்திலே தெரிந்ததெல்லாம் நடிப்புத்தானா என்பது நமக்கு எப்போதும் ஐயம்.

அவருடைய தம்பி பீஷ்ம சாஹ்னி. 1947-ல் ராவல்பிண்டி பற்றி எரிந்தபோது நிவாரண வேலையிலே இருந்தவர். 1970-ல் பம்பாய்க்குப் பக்கத்திலே பிவண்டி, விசைத்தறி நகரம், நெசவாளிகளின் ஊர், மதக் கலவரத்திலே வெந்தது. அண்ணனோடு அங்கே போய்ப் பார்த்தார். பழைய சாம்பலும் புதிய சாம்பலும் ஒரே நிறம்! திரும்பி வந்து எழுதிய நாவல்தான் 'தமஸ்' — இருட்டு. கோவிந்த் நிஹலானி அதைப் படமாக்கினார். 1988 தொடக்கத்திலே தூர்தர்ஷன் தொடராக ஒளிபரப்பியது.

கதை எங்கே தொடங்குகிறது? கோவிலிலா, மசூதியிலா? இல்லை. ஒரு தோல் தொழிலாளியின் கையிலே தொடங்குகிறது. நத்து என்பது அவன் பெயர். ஊர் ஒதுக்கி வைத்த சாதி. முராத் அலி என்ற காண்ட்ராக்டர் அவனிடம் ஐந்து ரூபாய் கொடுத்து, 'ஒரு பன்றியை அடித்துக் கொடு. கால்நடை டாக்டருக்கு வேண்டும்' என்கிறான். இரவு முழுதும் போராடி அடித்துக் கொடுக்கிறான் நத்து. விடிந்ததும் அந்தப் பன்றி மசூதிப் படிக்கட்டிலே கிடக்கிறது! ஊர் எரிகிறது. நத்து கிழத்தாயை முதுகிலே சுமந்துகொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடு ஓடுகிறான். சுமந்தது தாயை மட்டுமா? 'என்னால்தானே இத்தனையும்?' என்ற நெருப்பையும் நெஞ்சிலே சுமந்து அலைகிறான். செத்தும் போகிறான். கடைசியிலே ஊருக்குள் சமாதான ஊர்வலம் வருகிறது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி. 'ஒற்றுமை, ஒற்றுமை' என்ற முழக்கம். வண்டியிலே உட்கார்ந்து முழங்குபவன் யார்? அதே முராத் அலி!

ஐந்து ரூபாய் வாங்கியவன் பிணமானான். ஐந்து ரூபாய் கொடுத்தவன் சமாதானத் தூதுவன் ஆனான்.

இதைவிடப் பெரிய அரசியல் பாடத்தை எந்த மேடையிலும் எவரும் நடத்தியதில்லை என்பது நம் துணிபு. எந்தக் கலவரமானாலும், அதைக் காட்டும் எந்தப் படமானாலும், நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: ஐந்து ரூபாய் கொடுத்தவன் எங்கே? அவனைக் காட்டுகிறாயா, மறைக்கிறாயா?

'தமஸ்' அவனைக் காட்டியது. ஆகவே அதற்கும் தடை கேட்டார்கள். பம்பாய் உயர்நீதிமன்றத்திலே இடைக்காலத் தடையும் கிடைத்தது. மேல்விசாரணைக்கு வந்த இரண்டு நீதிபதிகள், வக்கீல்கள் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிராமல், தொடர் முழுவதையும் போட்டுப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். உச்ச நீதிமன்றமும் 1988 பிப்ரவரியிலே அதை உறுதிப்படுத்தியது. தொட்டாற்சுருங்கிகளின் கண்ணாலே பார்க்காதே, நெஞ்சுரமும் நேர்மையான அறிவும் உள்ள சாதாரண மனிதனின் கண்ணாலே பார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சாதாரண மனிதனை நம்பிய தீர்ப்பு. அதனாலேயே நமக்குப் பிடித்த தீர்ப்பு.

இப்போது 'காஷ்மீர் ஃபைல்ஸ்' படத்துக்கு வருவோம்.

பண்டிதர்களின் துயரம் பொய்யா? யார் சொன்னது பொய்யென்று? 1990-ன் குளிர்காலத்திலே, துப்பாக்கி ஏந்திய தீவிரவாதிகளின் மிரட்டலுக்கு அஞ்சி, குடும்பம் குடும்பமாகப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறியவர்கள் அவர்கள். ஜம்முவின் முகாம்களிலே கூடாரத்துக்குள் வெந்தவர்கள். ஜம்மு-காஷ்மீர் அரசு 2010-ல் சட்டமன்றத்திலே சொன்ன கணக்கின்படி, 1989 முதல் 2004 வரை கொல்லப்பட்ட பண்டிதர்கள் 219 பேர். அதைவிட அதிகம் என்கின்றன பண்டிதர் அமைப்புகள். ஓர் உயிர் என்றாலும் உயிர்தான். அந்தக் கண்ணீருக்கு மரியாதை செய்யாதவன் மனிதனல்ல. நாம் கேட்பது, அந்தக் கண்ணீரைக் குடத்திலே பிடித்து எந்த ஊர் அடுப்பிலே உலை வைத்தார்கள் என்பதை!

படத்திலே ஐந்து ரூபாய் கொடுத்தவனைத் தேடிப் பாருங்கள். கிடைக்கமாட்டான். ஒரு மதத்தைச் சேர்ந்த எல்லோருமே முராத் அலியாகக் காட்டப்படுகிறார்கள். அதே தீவிரவாதிகளின் குண்டுக்கு இரையான காஷ்மீரத்து முஸ்லிம்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் படத்திலே இடம் இல்லை. பண்டிதர்கள் வெளியேறிய அந்த மாதங்களிலே டில்லி ஆட்சியை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்த கட்சிகளிலே பா.ஜ.க.வும் ஒன்று. பண்டிதர்களுக்காக அந்த ஆதரவை ஒரு நாளாவது விலக்கிக்கொண்டதா? இல்லை. மண்டல் குழுப் பரிந்துரை வந்து, அத்வானியின் ரதம் 1990 அக்டோபரிலே சமஸ்திபூரில் நிறுத்தப்பட்ட பிறகுதான் விலக்கியது! கூடாரத்திலே வெந்த பண்டிதனுக்காகக் கவிழாத நாற்காலி, ரதச் சக்கரம் நின்றதும் கவிழ்ந்தது. இதையெல்லாம் ஒரு 'ஃபைலில்' எழுதி வைத்தால் என்ன?

2022 மார்ச்சிலே படம் வெளியானதும் பிரதமரே பாராட்டினார். பா.ஜ.க. ஆண்ட மாநிலங்கள் பலவற்றிலே வரிவிலக்கு. அதே ஆண்டு நவம்பரிலே, கோவாவில் நடந்த பன்னாட்டுத் திரைப்பட விழாவின் நடுவர் குழுத் தலைவர், இஸ்ரேலிய இயக்குநர் நதவ் லபித், மத்திய அமைச்சர்கள் இருந்த மேடையிலேயே இது பிரசாரப் படம் என்று போட்டுடைத்தார். அமைச்சர்களின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்!

இதே பண்டிதர் துயரத்தை 2020-ல் 'ஷிகாரா' என்ற படமும் சொன்னது. எடுத்தவர் விது வினோத் சோப்ரா; அவரே அந்த மண்ணை இழந்த குடும்பத்தவர். ஓர் இளம் தம்பதி, கட்டி முடித்த வீடு, பூட்டிவிட்டுப் போன கதவு, அகதி முகாமிலே கழிந்த ஆயுள் — கதை அவ்வளவுதான். பழிவாங்கச் சொல்லவில்லை. ஆகவே அதற்கு இந்த ஆரவாரம் இல்லை. 'கோபம் போதவில்லை' என்று ஏசவும் செய்தார்கள். அழுதால் போதாதாம், பல்லைக் கடிக்கவும் வேண்டுமாம்!

'கேரளா ஸ்டோரி' கதை இன்னும் கேவலம். 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டுப் பயங்கரவாதிகளிடம் அனுப்பப்பட்டார்கள் என்று முன்னோட்டத்திலே முழங்கினார்கள். 'கணக்கு எங்கே?' என்று கேட்டதும் 32,000 என்பது மூன்றாகச் சுருங்கியது. ஐயாயிரம், பத்தாயிரம் குறைந்ததில்லை தோழர்களே, மூன்று! அந்த எண்ணுக்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று படத்தோடு அறிவிப்புப் போடவேண்டும் என்ற நிலை, 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்திலே ஏற்பட்டது. அந்தப் படத்தின் இயக்குநருக்குத்தான் 2025 ஆகஸ்ட் 1-ல் சிறந்த இயக்குநர் விருது அறிவித்தார்கள்! மளிகைக் கடைக்காரன் கணக்கிலே இப்படித் தவறினால் கடையை மூடச் சொல்லுவார்கள். இவர்களுக்கு மாலை!

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். 2025 மார்ச்சிலே மலையாளத்தில் 'எம்புரான்' வந்தது. பெரிய நடிகர், பெரிய செலவு, வெறும் சண்டைப் படம். கலை நயத்துக்காக நாம் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2002 குஜராத்தை நினைவூட்டும் காட்சிகள் அதிலே இருந்தன. வெளியான சில நாட்களுக்குள், தணிக்கை முடிந்து வந்த படத்திலே, எடுத்தவர்களே 24 இடங்களில் கத்தரி போட்டார்கள். வில்லனின் பெயரையும் மாற்றினார்கள். நம் தமிழிலே 'அன்னபூரணி' என்று ஒரு படம்; ஆசாரக் குடும்பத்துப் பெண் இறைச்சி சமைக்கக் கற்றுக்கொள்கிற கதை. அதற்கே மதம் புண்பட்டுவிட்டதென்று புகார்; 2024 ஜனவரியிலே இணையத் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிரியாணி பிரிவினைவாதம், 32,000 பொய் ஒருமைப்பாடு!

வங்கத்தின் பக்கம் வந்தால் நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி இருக்கிறது. ரித்விக் கட்டக் எடுத்த 'சுபர்ணரேகா' 1965-ல் வெளியானது. கிழக்கு வங்கத்திலிருந்து எல்லாம் இழந்து வந்த அகதிகள் கல்கத்தா ஓரத்திலே ஒரு குடியேற்றம் அமைக்கிறார்கள். 'புதுவாழ்வு' என்று பெயரும் வைக்கிறார்கள். அங்கே ஒரு தாய் சிறுவனோடு வந்து இடம் கேட்கிறாள். முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? 'நீ எந்த ஜில்லா?' நாட்டை இழந்தார்கள், வீட்டை இழந்தார்கள். 'நீ யார்' என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்! அந்தச் சிறுவன் அபிராம் ஈசுவரன் என்பவர் வீட்டிலே வளர்கிறான். ஈசுவரனின் தங்கை சீதையும் அவனும் காதலிக்கிறார்கள். அவன் தாழ்த்தப்பட்ட சாதி என்று தெரிந்ததும், வளர்த்த அண்ணனே குறுக்கே நிற்கிறான். முதலாளி ஏதாவது சொல்வாரே, உத்தியோகம் போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்தின் விலை, கடைசியிலே தங்கையின் உயிர். அந்த முடிவை இங்கே எழுத நமக்குக் கை வரவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

மதம் நாட்டைப் பிளந்ததைப் பற்றி ஆயிரம் பேர் அழுதார்கள். பிளந்த துண்டுக்குள்ளே சாதி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டியவர்கள் சிலர்தான். கட்டக் அந்தச் சிலரிலே ஒருவர். பெரியார் மேடையிலே கேட்டதை அவர் திரையிலே கேட்டார்.

கட்டக்குக்கும் முன்னால், 1950-ல், 'சின்னமூல்' என்ற வங்கப் படம் வந்தது. வேரற்றவர்கள் என்று பொருள். கிழக்கு வங்கக் கிராமத்து விவசாயிகள் மண்ணைப் பிரிந்து, சியால்டா ரயில் நிலையத்துக்கு வந்து விழும் கதை. மேடைபோட்டு எடுத்ததல்ல, அந்த நிலையத்திலே உண்மையாகவே கிடந்த அகதிகளையும் சேர்த்து எடுத்தார்கள். இந்தியாவுக்கு வந்திருந்த ருஷ்ய இயக்குநர் புதோவ்கின் பார்த்து நெகிழ்ந்து, அதை ருஷ்யாவிலே திரையிட வழிசெய்தார். இங்கே? வசூல் இல்லை, எடுத்தவருக்கு அடுத்த படம் இல்லை. அவர் பெயர் நிமாய் கோஷ். பிழைக்க வழி தேடி எங்கே வந்தார் தெரியுமா, தோழர்களே? நம் சென்னைக்கு! காமிராவைத் தோளிலே வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். 1960-ல் தமிழிலே 'பாதை தெரியுது பார்' என்ற படத்தை இயக்கினார், தொழிற்சங்கத்தைக் கருவாகக் கொண்ட படம். திரைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டுவதிலே முன்னின்றார். வேரற்றவர்களைப் படமெடுத்த மனிதர் தமிழ் மண்ணிலே வேர்விட்டார்! கோடம்பாக்கத்திலே விளக்குத் தூக்கும் தொழிலாளிக்கு இன்று சங்கம் இருக்கிறதென்றால், அதிலே ஒரு வங்காளியின் வியர்வையும் கலந்திருக்கிறது. அவர் பொதுவுடைமைத் தோழர். நமக்கும் அவர்களுக்கும் வழக்குகள் உண்டு. அது வேறு.

எல்லைக்கு அப்பாலும் நேர்மையான கண்கள் உண்டு. 2003-ல் பாகிஸ்தானின் சபீஹா சுமர் அம்மையார் 'காமோஷ் பானி' என்ற படத்தைத் தந்தார். 1979, ஜியா உல் ஹக்கின் இராணுவ ஆட்சி மதப்போர்வை போர்த்துக்கொண்ட காலம். ஒரு கிராமத்து விதவைத் தாய். 1947-ல், 'மானம் காக்கக் கிணற்றிலே குதி' என்று சொந்தத் தகப்பனே விரட்டியபோது, குதிக்க மறுத்து ஓடிய சீக்கியப் பெண் அவள்; பிறகு முஸ்லிமாகி வாழ்ந்தவள். அவளுடைய ஒரே மகன் மதவெறிக் கூட்டத்திலே சேர்கிறான். தாயின் பூர்வீகம் தெரிகிறது. முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தண்ணீர் எடுக்கக்கூடப் போகாத அந்தக் கிணற்றுக்கு அந்தத் தாய் மறுபடியும் போகிறாள். பாகிஸ்தானத்துப் பெண்மணி, பாகிஸ்தான் ஆட்சியைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. தன் வீட்டு அழுக்கைத் தானே காட்டும் துணிவு! 'காஷ்மீர் ஃபைல்ஸ்' எடுத்தவர்கள் ஒரே ஒரு காட்சியிலாவது தங்கள் வீட்டு அழுக்கைக் காட்டினார்களா?

நமக்குச் சொல்ல ஒன்றுமில்லையா? உண்டு. 'பராசக்தி' என்ன கதை? யுத்தம் ரங்கூனிலே குண்டு போட்டதும் சிதறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. 1952-ல் அதற்கும் தடை கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காலத்தோடு நம் கடமை முடிந்துவிட்டதா? கோவையிலே 1997 நவம்பரில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14-ல் வெடித்த குண்டுகளிலே 58 பேர் மாண்டார்கள். நடைபாதையிலே துணி விற்றவன் கடை எரிந்தது; ஆஸ்பத்திரிக்கு வந்தவன் வெடித்துச் செத்தான். அங்கும் ஐந்து ரூபாய் கொடுத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அந்த நடைபாதை வியாபாரியின் கதையை ஒரு 'கரம் ஹவா'வாகத் தமிழிலே பார்க்கவேண்டும் என்ற ஏக்கம் நமக்கு இருக்கிறது. படத்துறையிலே இருக்கும் நம் தோழர்கள் கத்தியையும் அரிவாளையும் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு இதை யோசிக்கலாம்.

'அப்படியானால் கேரளா ஸ்டோரி போன்ற படங்களைத் தடை செய்யச் சொல்கிறீர்களா?' என்று கேட்கலாம். இல்லை. மேற்கு வங்கம் 2023 மே 8-ல் தடை போட்டது. பத்தே நாளிலே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. படத்துக்குக் கிடைத்த விளம்பரந்தான் மிச்சம். 1989-ல் 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கிலும் இதுதான் பாடம். இடஒதுக்கீட்டைச் சாடிய அந்தப் படத்தின் கருத்து நமக்குக் கசப்பு, இன்றும் கசப்பு. ஆனால், கலவரம் வரும் என்று காட்டிப் பேச்சுரிமையைப் பறிக்காதே, கலவரத்தைத் தடுப்பது அரசின் வேலை என்று நீதிமன்றம் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான். நாளைக்கு நம் படத்துக்கும் அதே தீர்ப்புத்தான் கேடயம்.

தமிழ்நாட்டிலே என்ன நடந்தது? தடை போடவில்லை. படம் வந்தது. கொட்டகைகளிலே ஆளில்லை. 2023 மே 7-ல் பெருங்கொட்டகைக்காரர்கள் தாங்களாகவே எடுத்துவிட்டார்கள்; சட்டம் ஒழுங்குக் கவலை ஒன்று, கூட்டமின்மை ஒன்று என்று காரணம் சொன்னார்கள். வசூல் கொட்டியிருந்தால் அந்தக் கவலை அவர்களுக்கு வந்திருக்குமா என்பதைப் பட வியாபாரம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

'இந்தியை எதிர்க்கும் கழகத்து ஏட்டிலே இந்திப் படங்களுக்கு விளம்பரமா?' என்று மாற்றார் கேலி பேசுவார்கள். பேசட்டும். இந்தி திணிக்கப்படுவதை எதிர்க்கிறோம். ஆக்ராவிலே உருது பேசி அழும் கிழவியின் கண்ணீரை எப்போது எதிர்த்தோம்? இன்னும் சொல்லப்போனால், அந்த உருதுவை அதன் சொந்த மண்ணிலே ஒதுக்கியவர்களும், நம் மீது இந்தியை ஏவியவர்களும் ஒரே பள்ளியிலே படித்தவர்கள்!

ஆகவே ஒரு வேலை சொல்கிறோம். 'கரம் ஹவா' 2014 நவம்பரிலே மெருகேற்றப்பட்டு மீண்டும் கொட்டகைகளுக்கு வந்தது, தேடினால் கிடைக்கும். படிப்பகம் உள்ள கிளைகள், தொழிற்சங்க அலுவலகத்திலே சுவரும் வெள்ளை வேட்டியும் உள்ள தோழர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதைப் போட்டுக் காட்டலாம். மொழி தெரிந்த தோழர் ஒருவர் பக்கத்திலே நின்று கதையைச் சொல்லட்டும். அக்கம்பக்கத்து முஸ்லிம் தோழர்களை, அவர்கள் வீட்டுத் தாய்மார்களோடு, முன்வரிசையிலே உட்கார வையுங்கள். முடிந்ததும் சொற்பொழிவு வேண்டாம். தேநீர் கொடுத்து அவர்களைப் பேசவிடுங்கள். வாடகைக்கு வீடு தேடிய கதை ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும்.